மலைக்குப் போகும் சரக்கு வண்டிக்கு என்ன டயர் போடுவது?

நமது இதழில் வரிக் கணக்கு, எடைக்கல் முத்திரை, உணவுப் பாதுகாப்புச் சட்டம் என்று பல பாடங்கள் வந்துவிட்டன. நம் சரக்கைத் தூக்கிச் செல்லும் வண்டியைப் பற்றி, அதிலும் அந்த வண்டி நிற்கிற டயரைப் பற்றி, யாரும் எழுதியதாக நினைவில்லை. சென்ற கூட்டம் முடிந்து டீ சாப்பிடும்போது இரண்டு மூன்று இளைய உறுப்பினர்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டு, "மலைக்கு ஓட்டற வண்டிக்கு ஜீப்பு மாதிரி பெரிய டயரா போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டார்கள். போடாதீர்கள் என்று ஒரே வார்த்தையில் சொன்னோம். ஏன் என்று கேட்டார்கள். நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல என்பதால் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் கடை நாமக்கல் பக்கம். பருப்பு, வெல்லம், எண்ணெய், அரிசி மொத்த வியாபாரம். முப்பது வருடங்களுக்கு மேலாகக் கொல்லிமலைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறோம். போகும்போது மளிகை, வரும்போது மரவள்ளிக் கிழங்கோ மிளகோ அன்னாசியோ ஏற்றி வருவது வழக்கம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அது முழுவதும் தார்ச் சாலை. செம்மேடு, சோளக்காடு வரைக்கும் தார்தான். அதற்கு மேல் சிற்றூர்களுக்குப் பிரிகிற பாதைகளில்தான் சங்கடம். வெயில் காலத்தில் கல்லும் புழுதியும், ஐப்பசி கார்த்திகையில் செம்மண் சேறு. நாங்கள் ஒரு நடைக்கு ஏறக்குறைய 110 கிலோ மீட்டர் ஓட்டினால் அதில் மண் பாதை எட்டோ பத்தோதான் வரும். இந்தக் கணக்கை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

நாங்கள் செய்த தவறு

2013 புரட்டாசிக் கடைசியில் எங்கள் பிக்கப் வண்டி ஒரு தோட்டப் பாதையில் அச்சு வரை இறங்கிவிட்டது. இரண்டு நாள் மழையில் நின்றது. தார்ப்பாய் ஒரு பக்கம் பறந்து, பன்னிரண்டு சிப்பம் வெல்லம் கரைந்து ஓடியது. டிராக்டர் வைத்து இழுத்தோம். வண்டி கீழே வந்ததும் எங்கள் டிரைவர் தம்பி, "ஏனுங்க மொதலாளி, பெரிய டயரு போட்டா இந்தச் சேறெல்லாம் ஒண்ணுமே இல்லைங்க, எல்லாரும் சொல்றாங்க" என்றார். வெல்லம் போன கோபத்தில் இருந்த நாங்களும் சரியென்று சொல்லிவிட்டோம். யோசனை சொன்னவர் டிரைவர், பணம் கொடுத்தது நாங்கள். ஆகவே பழி எங்களுடையது.

வண்டியில் கம்பெனி போட்டுக் கொடுத்தது 215/75 ஆர் 15. அதைக் கழற்றிவிட்டு, வெளிநாட்டிலிருந்து வந்த பழைய டயர்கள் என்று ஒருவர் விற்ற 31-க்கு 10.50 ஆர் 15 அளவில் நான்கு வாங்கிப் போட்டோம். பட்டன் பட்டனாக, பார்க்க யானைக்கால் மாதிரி கம்பீரமாக இருந்தது. அதே 15 அங்குல டிஸ்க்கில் ஏறிவிட்டதால் பொருந்திவிட்டது என்று நினைத்தோம். கடை வாசலில் நாலு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

முதல் நடையிலேயே இரண்டாவது கியரில் ஏறிய வளைவெல்லாம் முதல் கியர் கேட்டது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது முன் டயர் உள்பக்கத் தகட்டில் உரசுகிற சத்தம் வந்தது. டிரைவர் சொன்னார். ஓட ஓடச் சரியாகிவிடும் என்றோம். ஏழாவது நடையோ எட்டாவதோ, கிழங்கு ஏற்றி இறங்கும்போது, ஒரு வளைவில் இடது முன் டயர் வெடித்துவிட்டது. உரசி உரசி, பக்கவாட்டு ரப்பர் தேய்ந்து உள்ளே நூல் தெரிகிற அளவுக்கு வந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. வண்டி தடுப்புச் சுவரில் இடித்து நின்றது. அந்த இடத்தில் சுவர் இருந்தது. அடுத்த வளைவில் சுவர் இல்லை. டிரைவருக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. ஒன்றே கால் டன் ஏற்ற வேண்டிய வண்டியில் இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் கிழங்கு இருந்ததையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்த சர்வேயர் முதலில் பார்த்தது எஞ்சினை அல்ல, டயரை. அளவை எழுதிக்கொண்டார், படம் எடுத்தார், கிழங்கு எடைச்சீட்டைக் கேட்டார். வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசாவும் வரவில்லை. டிரைவரின் வைத்தியச் செலவும் ஏழு மாதச் சம்பளமும் நாங்கள் கொடுத்தோம். அது கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அவருடைய தாயார் எங்கள் கடை வாசலில் வந்து நின்று, "பையனைப் பார்த்து அனுப்புங்க சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் டயர் என்றால் என்ன என்று நாங்கள் படிக்க ஆரம்பித்தோம்.

பெரிய டயர் ஏன் ஏறாது?

பெரிய சக்கரம் வண்டியை நன்றாக ஏற்றும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நடப்பது நேர் எதிர். 215/75 ஆர் 15 என்றால், அகலம் 215 மில்லி மீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 75 சதவீதம், அதாவது சுமார் 161. மேலும் கீழுமாக இரண்டு முறை 161, நடுவில் 15 அங்குல டிஸ்க் 381. கூட்டினால் டயரின் முழு உயரம் 703 மில்லி மீட்டர். 31 அங்குல டயரோ 787. நூறுக்கு 12 அதிகம். சக்கரம் ஒரு சுற்றுக்கு 12 சதவீதம் அதிக தூரம் போவதால், எஞ்சின் கொடுக்கும் இழுப்பு தரையில் நூறுக்கு 11 பங்கு குறைந்துவிடுகிறது. கியரை அரைப் படி ஏற்றிப் போட்டுவிட்டு மலை ஏறுவது போல. பிரேக்கும் அப்படியே. டிரம் அதே டிரம், சக்கரம் மட்டும் பெரிது. நிறுத்துவதற்கு அதிக அழுத்தம் வேண்டும், டிரம் அதிகமாகச் சூடாகும். ஸ்பீடாமீட்டர் 40 என்று காட்டும்போது வண்டி 45-ல் போய்க்கொண்டிருக்கும். இறக்கத்தில் இந்த ஐந்து கிலோ மீட்டர் சின்ன விஷயம் அல்ல.

சேற்றில் வண்டியை இழுப்பது உயரம் அல்ல, பட்டன். பட்டனுக்கு நடுவே இடைவெளி இருந்தால்தான் சேறு அதில் புகுந்து, சுற்றும்போது வெளியே எறியப்பட்டு, அடுத்த சுற்றுக்கு டயர் மறுபடி கடிக்கும். இடைவெளி குறைவாக இருந்தால் சேறு அப்பி, டயர் மொட்டை போல வழுக்கும். ஆகவே நமக்குத் தேவை அதே அளவில், வேறு பட்டன். அதே 215/75 ஆர் 15 அளவிலேயே சாதாரண ரிப் டயரும் கிடைக்கிறது, பின் சக்கரத்துக்கான லக் டயரும் கிடைக்கிறது. எங்களிடம் யாராவது அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் கேட்டிருப்போமா என்பது வேறு கேள்வி.

பட்டன் வகை

ரிப் டயர் என்பது நீளவாக்கில் கோடு ஓடுவது. ஸ்டியரிங் நேராகப் பிடிக்கும், சூடு குறைவு, தார் ரோட்டில் நீண்ட நாள் உழைக்கும். லக் டயர் என்பது குறுக்கே கட்டை கட்டையாக இருப்பது. மண்ணிலும் ஏற்றத்திலும் நன்றாகக் கடிக்கும். ஆனால் தார் ரோட்டில் இரைச்சல், சீக்கிரம் தேய்மானம், டீசல் செலவும் சற்றுக் கூடும். தரையைத் தொடுகிற ரப்பர் குறைவு என்பதால் மழையில் நனைந்த தார் ரோட்டில் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். இரண்டுக்கும் நடுவில் செமி லக் என்று ஒன்று. முன்னால் ரிப், பின்னால் லக் அல்லது செமி லக் என்று லாரிக்காரர்கள் தொன்றுதொட்டுப் போடுவது காரணம் இல்லாமல் அல்ல. முன் சக்கரம் திருப்புகிறது, பின் சக்கரம் தள்ளுகிறது. ஒரே அச்சில் இடது வலது மட்டும் வேறு வேறு வகை போடவே கூடாது. ரேடியலும் நைலானும் ஒரே அச்சில் கலக்கவும் கூடாது.

கல்குவாரி டிப்பர்களுக்கு என்று தனியாக, ஆழமான பட்டனுடன் 10.00-20 போன்ற அளவிலேயே டயர் வருகிறது. கல் கிழிக்காத ரப்பர், தடிமன் அதிகம். அது நல்ல டயர்தான், ஆனால் குவாரிக்கு. தடித்த ரப்பர் நீண்ட தூரம் வேகமாக ஓடும்போது உள்ளே சூடு தங்கிவிடும். திருச்சி ரோட்டில் பகல் வெயிலில் முழுப் பாரத்துடன் விரட்டினால் பட்டை பிரிந்து பறக்கும். ரோட்டோரத்தில் கறுப்புத் தோல் போலக் கிடக்கிறதே, பாதிக்கு மேல் சூட்டினால் வந்த வினை என்று எங்களுக்கு டயர் வேலை பார்க்கும் முதியவர் சொல்லுவார்.

மண் வாரும் இயந்திரத்துக்கும் டிராக்டருக்கும் உள்ள டயர் வேறு சாதி. அதில் சிலவற்றில் ஆங்கிலத்தில் என்.எச்.எஸ். என்று மூன்று எழுத்து இருக்கும். நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு உரியது அல்ல என்று பொருள். டிராக்டர் டயரில் ஏ6 என்றால் மணிக்கு 30 கிலோ மீட்டர், ஏ8 என்றால் 40, அதற்கு மேல் அது தாங்காது. மலிவாகக் கிடைக்கிறதே என்று டிரெய்லருக்கோ வண்டிக்கோ மாட்டிக் கொள்ளக் கூடாது.

லக் டயரின் கூடுதல் செலவு கட்டுமா என்பதை நாங்கள் கணக்கு நோட்டிலேயே பார்த்தோம். எங்கள் வண்டியில் ரிப் டயர் ஒன்று 7,000 ரூபாய்க்கு வாங்கி 45,000 கிலோ மீட்டர் ஓடியது. லக் டயர் 8,500 ரூபாய், 30,000 கிலோ மீட்டர். கிலோ மீட்டருக்கு முதலாவது பதினைந்தரைப் பைசா, இரண்டாவது இருபத்தெட்டுப் பைசா. பின்னால் இரண்டு மட்டும் லக் போட்டால் 110 கிலோ மீட்டர் நடைக்கு ஏறக்குறைய 28 ரூபாய் அதிகம் ஆகிறது. நான்கும் போட்டால் 56 ரூபாய். சேற்றில் மாட்டினால் டிராக்டர்காரருக்குக் குறைந்தது 1,500 ரூபாய். ஆக 50 நடையில் ஒரு முறை மாட்டுகிற பாதையாக இருந்தாலே பின் சக்கரத்துக்கு லக் போட்டது கட்டிவிடும். ஆண்டு முழுவதும் தாரிலேயே ஓடி, தார் முடிகிற கடையில் சரக்கு இறக்கித் திரும்புகிறவர்களுக்கு அது வீண். அவர்களும் ஊரார் போடுகிறார்கள் என்று போடுகிறார்கள். நாங்கள் புரட்டாசி முடியும்போது பின்னால் லக் ஏற்றி, தை பிறந்ததும் கழற்றி ரிப் போட்டுவிடுகிறோம். மாற்றுக் கூலி போனாலும் டயர் இரண்டு பருவம் கூடுதலாக வருகிறது. விலையும் ஓட்டமும் ஆளுக்கு ஆள் மாறும். அவரவர் நோட்டில் அவரவர் எழுதிப் பார்க்க வேண்டும்.

டயர் மேல் எழுதியிருப்பது

மூட்டையின் மேல் உள்ள மார்க்காவைப் படிக்காமல் நாம் சரக்கு எடுப்பதில்லை. டயரின் மார்க்காவை மட்டும் படிப்பதில்லை. 10.00-20 16 பி.ஆர். என்று லாரி டயரில் இருக்கும். பக்கத்தில் 146/143 கே என்று சிறிதாக இருக்கும். இந்தச் சிறிய எழுத்துத்தான் பெரிய விஷயம். 146 என்பது 3,000 கிலோ, ஒற்றைச் சக்கரமாக இருந்தால் ஒரு டயர் தாங்கும் எடை. 143 என்பது 2,725 கிலோ, ஜோடிச் சக்கரமாக இருந்தால் ஒவ்வொன்றும் தாங்குவது. ஜோடியில் ஏன் குறைகிறது என்றால், இரண்டும் எப்போதும் சரிபாதி பாரம் சுமப்பதில்லை. ஒன்றில் காற்றுக் குறைந்தாலோ, ஒன்று புதிது ஒன்று தேய்ந்தது என்றாலோ உயரமானதன் மேல் பாரம் சாயும். சிறிய லாரிகளின் 8.25-16 டயரில் 128/124 என்று இருந்தால் ஒற்றைக்கு 1,800, ஜோடிக்கு 1,600 கிலோ. பிக்கப் வண்டிகளில் 106 என்றால் 950 கிலோ, 109 என்றால் 1,030, 112 என்றால் 1,120. கடைசி எழுத்து வேகம்: எஃப் 80, ஜி 90, ஜே 100, கே 110, எல் 120 கிலோ மீட்டர்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 143 உள்ள டயர் பின்னால் நான்கு இருந்தால் 10,900 கிலோ. நான்கு டயர் உள்ள பின் அச்சுக்கு முன்பு அனுமதி 10.2 டன்னாக இருந்தது. 2018 ஜூலையில் மத்திய அரசு அதை 11.5 டன்னாக உயர்த்தியது. அச்சுக்கு அனுமதி உயர்ந்துவிட்டது என்று பழைய லாரியில், பழைய டயரில் கூடுதல் மூட்டை ஏற்றினால், தாளில் சட்டம் இடம் கொடுத்தாலும் டயர் இடம் கொடுக்காது. நமக்கு லாரி வாடகைக்கு வருபவரானாலும் டயரைக் குனிந்து ஒரு தடவை பார்ப்பதில் தவறில்லை. உள்ளே இருப்பது நம் சரக்கு.

டயர் பிறந்த தேதியும் அதிலேயே இருக்கிறது. ஒரு சிறு வட்டக் கட்டத்தில் நான்கு இலக்கம். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். நாங்கள் வாங்கிய பழைய டயர்களில் அந்த நான்கு இலக்கத்தைப் பிற்பாடு தேடிப் பார்த்தோம். விபத்து நடந்தபோது அவற்றின் வயது 11. பட்டன் மிச்சம் இருந்தாலும் ரப்பர் செத்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது

பழைய டயர் விற்றவர், டி.ஓ.டி. முத்திரை இருக்கிறது, ரோட்டில் ஓட்ட சட்டப்படி அனுமதிக்கப்பட்டது என்று எங்களிடம் சொன்னார். பொய் சொல்லவில்லை, ஆனால் அது அமெரிக்கச் சாலைக்கு. அந்த நாட்டில் மண் பாதைக்கான பெரிய டயர்களை ஊர்ச் சாலையிலும் ஓட்ட வேண்டுமானால், தயாரிப்பாளர் அந்நாட்டு விதிப்படி இந்த முத்திரையை இட்டிருக்க வேண்டும். நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி வாகன டயருக்கும் டியூபுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சரக்கு வாகன டயருக்கு அதன் எண் ஐ.எஸ். 15636. இதற்கு மேல், நனைந்த சாலையில் பிடிப்பு, உருளும்போது உண்டாகும் தடை, இரைச்சல் ஆகியவற்றுக்கும் 2022 ஜூனில் விதி செய்யப்பட்டு, புதிய வடிவ டயர்களுக்கு அந்த ஆண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது.

அளவு விஷயத்தில், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்தபடி பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சரக்கு வண்டியைப் பதிவு செய்யும் விண்ணப்பத்திலேயே ஒவ்வொரு அச்சிலும் எத்தனை டயர், என்ன அளவு என்று எழுதித்தான் கொடுக்கிறோம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை எடுத்துக்காட்டி, தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக மாற்றம் செய்ய இடமில்லை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டிரைவருக்கு அல்ல, உரிமையாளருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். அளவுக்கு மீறிய பாரத்துக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000.

தேய்மானத்துக்கு மத்திய மோட்டார் வாகன விதி 94-ல் கணக்கு உண்டு. லாரி, பிக்கப் போன்றவற்றுக்குப் பட்டன் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. இதற்கு அளவுகோல் தேட வேண்டியதில்லை. டயரின் தோளில் ஒரு சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு மேடு இருக்கும். பட்டனும் மேடும் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்கிறோம். எஃப்.சி.க்கு மட்டும் பக்கத்துக் கடைக்காரர் வண்டியின் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போகிறவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். பிரேக் இன்ஸ்பெக்டரை ஏமாற்றலாம். 70 வளைவையும் இறங்கப்போவது எஃப்.சி. தாள் அல்ல. மழைக் காலத்தில் மலைக்குப் போகும் வண்டிக்கு 1.6 வரை காத்திருக்கவும் கூடாது. பட்டன் பாதி தேய்ந்ததும் நாங்கள் அதைச் சமவெளி வண்டிக்கு மாற்றிவிடுகிறோம்.

வாங்கும்போதும் ஓட்டும்போதும்

பில் இல்லாமல் டயர் வாங்காதீர்கள். டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்து 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகியிருக்கிறது. சரக்கு வண்டிக்கு வாங்கும் டயரின் வரியை நாம் உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். பில்லில் நம் ஜி.எஸ்.டி. எண்ணைப் போடச் சொல்ல வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இது கிடையாது. பில்லில் டயரின் எண்ணும் எழுதியிருந்தால்தான் பழுது என்று வரும்போது கம்பெனி கேட்கும்.

ரீபட்டன் டயர் பாவம் அல்ல. உள் கட்டு நன்றாக இருந்தால் ஒரு முறை ரீபட்டன் போட்டுப் பின் சக்கரத்தில் ஓட்டலாம், நாங்களும் ஓட்டுகிறோம். முன் சக்கரத்துக்கு மட்டும் வேண்டாம். பின்னால் ஒன்று பிரிந்தால் வண்டி நொண்டும், முன்னால் பிரிந்தால் திரும்பிக்கொள்ளும்.

ரேடியலா நைலானா என்று கேட்கிறார்கள். தார் ரோட்டில் ரேடியல் சூடு குறைவு, டீசல் மிச்சம். கூர்மையான கல் நிறைந்த பாதையில் ரேடியலின் பக்கவாட்டு மெல்லியது, கிழிந்தால் வைத்தியம் இல்லை. நைலான் அடி தாங்கும். எங்கள் கணக்குப்படி பத்தில் ஒன்பது பங்கு தார் என்பதால் ரேடியலுக்கு மாறிவிட்டோம். அன்றாடம் கல் பாதையிலேயே இருப்பவர்கள் நைலானை விட வேண்டியதில்லை.

காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். மலை இறங்கி வந்ததும் சூட்டில் பவுண்டு ஏறிக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். சேற்றில் பிடிப்பதற்காகச் சிலர் காற்றைக் குறைப்பார்கள். காலி ஜீப்புக்கு அது சரி. பாரம் ஏற்றிய வண்டிக்கு வேண்டாம். மேலே காற்றுப் பிடிக்க வசதியில்லாமல் அப்படியே தார் ரோட்டில் இறங்கும்போது டயர் மடங்கி மடங்கிச் சூடேறும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவதும் இதே தொல்லைதான். டிரம் சூடு டிஸ்க் வழியாக டியூபுக்கு வந்துவிடும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும். லக் டயரில் இன்னொரு வேலை உண்டு. மண் பாதையிலிருந்து தாருக்கு வந்ததும் டிரைவர் இறங்கி, பட்டன் இடுக்கிலும் ஜோடிச் சக்கரங்களுக்கு நடுவிலும் மாட்டிய கல்லைத் தட்டி எடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆகும். இதற்கு நேரம் கொடுக்காமல் முதலாளி போன் மேல் போன் செய்துகொண்டிருந்தால் எந்த டிரைவரும் இறங்க மாட்டார். இப்போது எங்கள் வண்டி ஓட்டுவது அந்த டிரைவர் தம்பியின் மைத்துனர். அவர் எண்ணுக்கு மலையில் இருக்கும்போது நாங்கள் கூப்பிடுவதில்லை.

ஸ்டெப்னியும் மற்றச் சக்கரங்களின் அதே அளவாக இருக்க வேண்டும். பல வண்டிகளில் கழித்துக் கட்டிய மொட்டை டயர்தான் ஸ்டெப்னியாகத் தொங்குகிறது. இருட்டுகிற நேரத்தில் நாற்பதாவது வளைவில் பஞ்சர் ஆனால் அதைத்தான் மாட்டியாக வேண்டும்.

கழற்றி வைத்த டயரைக் கிடங்கில் எங்கே வைப்பது என்பது நம் தொழிலுக்கே உரிய சங்கதி. எண்ணெய் டின் அடுக்கிய பக்கம் வைத்தால் எண்ணெய் கசிந்து ரப்பர் ஊதிப்போகும். டீத்தூள், மாவு, மசாலா மூட்டைப் பக்கம் வைத்தால் ரப்பர் வாடை சரக்கில் ஏறும். நாங்கள் ஒரு முறை இரண்டு பெட்டி டீத்தூளைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். வெயில் படாத, தண்ணீர் தேங்காத தனி மூலையில், கழுவித் துடைத்து, படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்கலாம். டயருக்குள் மழைத் தண்ணீர் நின்றால் கொசு உற்பத்தி என்று நகராட்சி சுகாதாரப் பிரிவிலிருந்து அபராதச் சீட்டு வரும். எங்களுக்கு வந்தது.